வாயில் வைக்கக் கூடாதது எது?

லிஃப்ட்காரருக்கு அன்றுதான் வேலையில் கடைசி நாள். அது அவருக்குத் தெரியும், கம்பெனிக்கும் தெரியும், லிஃப்டுக்குத்தான் தெரியவில்லை. ஆறாம் மாடிக்கும் ஏழாம் மாடிக்கும் நடுவில் நின்றுகொண்டு நகர மாட்டேன் என்று அடம்பிடித்தது. உள்ளே, ஏழாம் மாடியில் குடியிருக்கும் பாட்டு டீச்சர் மாட்டிக்கொண்டிருந்தார்.

முழங்கால் தேய்ந்துபோனதால்தான் லிஃப்ட்காரரை வேலையிலிருந்து வீட்டுக்கு அனுப்புகிறார்கள். அந்தக் காலோடு மெஷின் ரூம் வரை படியேறி, மெயின் சுவிட்சை அணைத்து, பிரேக்கைத் தளர்த்தி, சக்கரத்தைக் கையால் சுற்றிப் பெட்டியை மேலே கொண்டுவந்தார். பிறகு ஏழாம் மாடிக்கு இறங்கிக் கதவைச் சாவி போட்டுத் திறந்தால், டீச்சர் கொஞ்சமும் பதறாமல் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். அவரைச் சுற்றி அட்டைப்பெட்டிகள். பெட்டி நிறையப் பேப்பர் கப்புகள், கப்புக்கு ஒரு நாற்று.

"வந்துட்டீங்களா? முதல்ல இதுங்களை வாங்குங்க. காத்தில்லாம வாடிப் போச்சுங்க."

அவர் ஒவ்வொரு பெட்டியாக வாங்கி வெளியே வைத்தார். டீச்சர் பேசிக்கொண்டே இருந்தார். லிஃப்ட்காரரின் கண் டீச்சர் மேல் இருந்தது, மனசு மெஷின் ரூமில் இருந்தது. சுவிட்சை அணைத்தோமா? அணைத்தோம். நிச்சயமாக அணைத்தோமா? இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட வராத சந்தேகம், கடைசி நாள் பார்த்து வந்து உட்கார்ந்துகொண்டது.

"கேக்கிறீங்களா? இது வெளிநாட்டுச் செடி. மரத்தக்காளின்னு சொல்லுவாங்க. இதோ, இந்த மூணு கப்பையும் நீங்க எடுத்துக்கணும். பத்திரமா வளர்க்கணும். ஆனா ஒண்ணு, அதை மட்டும் வாயில வச்சிராதீங்க. என்ன, சரியா?"

"சரிங்க டீச்சர்."

எதை வாயில் வைக்கக் கூடாது என்று டீச்சர் சொல்லத்தான் சொன்னார். அந்த வார்த்தை இவர் காது வரைக்கும் வந்து, உள்ளே இடமில்லாமல் திரும்பிப் போய்விட்டது. மேலே ஓடிப் போய்ப் பார்த்தார். சுவிட்ச் ஒழுங்காக அணைத்துத்தான் இருந்தது.

மூன்று கப்புகளையும் சாப்பாட்டுப் பைக்குள் நிறுத்தி வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். மனைவி பார்த்துவிட்டு, "கம்பெனியில குடுத்தாங்களா?" என்று கேட்டாள்.

"இல்ல. லிஃப்டுல."

"என்ன செடி?"

"ஒண்ணு மரத்தக்காளி."

"மத்தது ரெண்டும்?"

அவர் திருதிருவென்று விழித்தார். அன்றைக்கு ஆரம்பித்த விழிப்பு அது.

மனைவிக்குத் திரைச்சீலை தைக்கிற தொழில். தெருவில் எல்லோருக்கும் அவள் கர்ட்டன் அக்கா. ஜன்னல் அளவெடுக்கப் போவாள், வருவாள், தைப்பாள், மாட்டிவிட்டு வருவாள். முன்னறை முழுக்கத் துணிச் சுருள்கள். நடக்க ஒற்றையடிப் பாதைதான் இருக்கும். அந்த வீட்டில் பகல் நேரத்தில் ஓர் ஆண்பிள்ளை இருந்து பழக்கமே இல்லை. லிஃப்ட்காரர் காலையில் எழுந்து, குளித்து, பழைய கம்பெனிச் சட்டையைப் போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார். அதற்கு மேல் என்ன செய்வதென்று அவருக்கும் தெரியவில்லை, நாற்காலிக்கும் தெரியவில்லை. குழாயைக் கழற்றி மாட்டினார். சத்தம் போடாத கதவுக் கீலுக்கெல்லாம் எண்ணெய் விட்டார். கடைசியில் தையல் மிஷினுக்கும் எண்ணெய் விட்டார். அது கொஞ்சம் தாராளமாகப் போய், யாரோ வீட்டு வெள்ளைத் துணியில் கறையாக இறங்கியது.

மனைவி கத்தவில்லை. துணியைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். "என்னங்க, கொஞ்ச நேரம் பின்னாடி போய் உக்காருங்களேன்," என்றாள். அவள் கத்தியிருந்தால்கூட அவருக்குப் புரிந்திருக்கும்.

வீட்டுக்குப் பின்னால் சிமென்ட் தரையும், மதில் ஓரமாக ஒரு பாய் அகலத்துக்கு மண்ணும் உண்டு. அங்கேதான் அந்த மூன்று கப்புகளும் இருந்தன. அவர் அவற்றைப் பார்த்தார். அவையும் அவரைப் பார்த்த மாதிரிதான் இருந்தது.

மூன்றில் ஒன்று சீக்கிரமே செத்துப்போனது. வேலை இல்லாத கை, தண்ணீரை ஊற்றி ஊற்றியே கொன்றுவிட்டது. அதற்கு வருத்தப்படுவதா வேண்டாமா என்பதில்தான் அவருக்கு முதல் குழப்பம். வாயில் வைக்கக் கூடாதது அதுதான் என்றால், சனியன் ஒழிந்தது. அது நல்ல செடியாக இருந்து, மிச்சமிருக்கிற இரண்டில் ஒன்று விஷம் என்றால்?

"அந்த டீச்சரையே போய்க் கேட்டுட்டு வந்துடுங்களேன்," என்றாள் மனைவி.

"அவங்க எங்க இருக்காங்களோ. அன்னைக்கே பெட்டி பெட்டியா கட்டி எடுத்துக்கிட்டு இருந்தாங்க. வீட்டைக் காலி பண்ணிட்டாங்க போல."

அப்படித்தான் அவர் நினைத்தார். நினைக்க வசதியாகவும் இருந்தது. அந்தக் கட்டடத்துக்குள் வேறொருவன் தன் சாவியைப் போட்டுத் தன் லிஃப்டைத் திறப்பதைப் பார்க்க அவருக்குத் தெம்பில்லை. தெருமுனையில் திரும்பும்போது அந்தக் கட்டடம் தெரியாத பக்கமாகவே நடந்து பழகியிருந்தார். மனைவிக்கு அது தெரியும். தெரிந்ததாகக் காட்டிக்கொள்ள மாட்டாள்.

மிஞ்சிய இரண்டும் மதில் ஓர மண்ணுக்கு இடம் மாறின. ஒன்று குட்டையாக, அகல இலையோடு, இலை மேலேயே முள் வைத்துக்கொண்டு, ஊதா ரோமம் போர்த்திக்கொண்டு நின்றது. தண்டில் முள் இருந்தால் நியாயம். இலை நடு நரம்பில் முள்ளுக்கு என்ன வேலை என்று அவருக்கு விளங்கவில்லை. இன்னொன்று நெட்டையன். கிளையே விடாமல், கம்பம் நட்ட மாதிரி மேலே மேலே போனான். உச்சியில் மட்டும் ஆளின் முகத்தை மூடுகிற அளவுக்கு இதய வடிவ இலைகள். இலையைக் கசக்கினால் ரப்பர் கருகிய மாதிரி ஒரு வாடை.

மனைவியின் தம்பி மருந்துக்கடை வைத்திருக்கிறான். மருந்துக்கடையில் நிற்பதால் உலகத்தில் எல்லாம் தனக்குத் தெரியும் என்று நினைப்பு. ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தவன், இலையை முகர்ந்து பார்த்து முகத்தைச் சுளித்தான்.

"அத்தான், இது ஊமத்தை வகையறா. பேசாம வெட்டிப் போட்டுடுங்க."

"மரத்தக்காளின்னு சொன்னாங்க, மாப்ள."

"எதை? இந்த நெட்டையையா, அந்த முள்ளையா?"

"அதுதான் தெரியல."

"செத்துப்போச்சே, அதைச் சொல்லியிருந்தா?"



வெளியூரில் வேலை பார்க்கிற மகள் போனில் விஷயத்தைக் கேட்டுச் சிரித்தாள். படம் எடுத்து அனுப்பச் சொன்னாள். செடியைப் படம் பிடித்தால் பெயர் சொல்கிற ஒரு செயலி இருக்கிறதாம். காலையில் எடுத்த படத்துக்கு அது புகையிலை என்றது. மத்தியானப் படத்துக்குக் கத்தரி என்றது. இலையை மட்டும் தனியாகக் காட்டினால் தேக்கு என்றது. பின்னால் நின்ற மச்சான் தெரிய ஒரு படம் எடுத்தபோது, எதுவும் அடையாளம் காண முடியவில்லை என்று சொல்லிவிட்டது.

"அது ஒண்ணுதான் சரியா சொல்லுது," என்றாள் மனைவி.

எல்லோரும் சிரித்தார்கள். லிஃப்ட்காரருக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் பார்த்த வேலையில் ஒரு பழுது என்றால் அதற்கு ஒரு காரணம் இருக்கும். கதவு மூடவில்லையா, தடத்தில் ஏதோ சிக்கியிருக்கும். பெட்டி குலுங்குகிறதா, ரப்பர் தேய்ந்திருக்கும். தேடிக்கொண்டே போனால் ஓர் இடத்தில் பிடிபடும். இந்தச் செடியில் எங்கே தொட்டாலும் கேள்வியே முளைத்தது. இலை ஏன் மத்தியானம் தொங்குகிறது? தண்ணீர் ஊற்றினாலும் தொங்குகிறது, ஊற்றாவிட்டாலும் தொங்குகிறது. சாயங்காலமானால் ஒன்றுமே நடக்காத மாதிரி நிமிர்ந்துகொள்கிறது. இதற்கு யாரைக் கேட்பது?

காற்றுக்காலம் வந்தது. நெட்டையன் அவர் உயரத்தைத் தாண்டி ஆடினான். வேர் ஆழமாகப் போகவில்லை என்பது மண் மேலேயே தெரிந்தது. இதையாவது நாம் செய்யலாம் என்று லிஃப்ட்காரர் துள்ளி எழுந்தார். பரண் மேலிருந்து பழைய லிஃப்டு கம்பிவடத் துண்டு ஒன்றை எடுத்தார். மதிலில் கொக்கி அடித்தார். மூன்று பக்கமும் இழுத்து, திருகி, முறுக்கேற்றி, தண்டின் நடுவில் இரும்புப் பிடி மாதிரி கட்டினார். தட்டிப் பார்த்தார். கம்பி ரீங்காரமிட்டது. பத்துப் பேரை ஏற்றிக்கொண்டு போகிற பெட்டியைத் தாங்கிய கம்பி, ஒரு செடியைத் தாங்காதா?

மறுநாள் காற்றில் நெட்டையன் சரியாக அந்தக் கட்டு இருந்த இடத்தில் முறிந்தான். கட்டுக்குக் கீழே அசையவில்லை. கட்டுக்கு மேலே காற்று வளைத்தது. அவ்வளவுதான், முருங்கைக் கிளை மாதிரி பட்டென்று போய்விட்டது.

அவர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். "நல்லாத்தானே கட்டினேன்? எங்க தப்பு? சொல்லு, எங்க தப்பு?" என்று மனைவியிடமே திரும்பத் திரும்பக் கேட்டார். அவளுக்கு என்ன தெரியும்? கத்தரிக்கோலோடு வெளியே வந்து விழுந்து கிடந்த தண்டைப் பார்த்தாள். துணி வெட்டுகிற கை சும்மா இருக்காது. தண்டை ஜாண் ஜாணாக வெட்டி, காலி பெயின்ட் வாளிகளில் மண் போட்டுக் குத்தி வைத்தாள்.

"வந்தா வரட்டும். வரலேன்னா வாளியாவது மிச்சம்."

வந்தது. எல்லாத் துண்டும் துளிர்த்தது. இப்போதுதான் அடுத்த குழப்பம். வாளியில் வந்தவை எதுவும் நெட்டையனைப் போல இல்லை. காலடியிலேயே கிளை விட்டு, குடை விரித்த மாதிரி குள்ளமாகப் பரந்தன. மதிலோரம் முறிந்து நின்ற, அதுவரை கிளைக்காத மொட்டைத் தண்டும் இப்போது நாலாபக்கமும் கை நீட்டியது.

மச்சான் வந்து பார்த்தான். "அக்கா, இது வேற செடி."

"டேய், நானே வெட்டி நட்டேன்."

"அப்ப அது வேற செடி."

லிஃப்ட்காரர் ஓர் இலையை இங்கே கசக்கி முகர்வார், ஓர் இலையை அங்கே கசக்கி முகர்வார். ஒரே வாடை. ஒரே வாடை உள்ளது ஒரே செடியா, இல்லை மூக்குதான் பழகிப் போய்விட்டதா? விதையில் வந்தால் ஓங்கும், தண்டில் வந்தால் பரவும் என்பது அவருக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரியவந்தது. அன்றைக்கு அது தெரியாமல், ஒரு வாளிக்கும் இன்னொரு வாளிக்கும் நடுவே நின்று அவர் பட்ட பாடு கொஞ்சமல்ல.

அடுத்த வருஷம் மதிலோர நெட்டையன் பூத்தான். வெளிறிய ரோஜா நிறத்தில் கொத்துக் கொத்தாகச் சின்னப் பூக்கள். இலையின் வாடைக்குச் சம்பந்தமே இல்லாத நல்ல வாசனை. பிறகு பிஞ்சு. பிஞ்சு பெரிதாகி, நீளக் காம்பில் பச்சை முட்டைகளாகத் தொங்கியது. பச்சை ஊதாவாகி, ஊதா செக்கச்சிவந்தது. பளபளவென்று, மெருகு போட்ட மாதிரி. பார்க்கிற யாரும் கை நீட்டாமல் இருக்க முடியாது. ஆனால் அந்த வீட்டில் யாரும் கை நீட்டவில்லை.

"ஒரு பறவையாவது கொத்துதா பாத்தீங்களா அத்தான்? பறவைக்குத் தெரியும்," என்றான் மச்சான்.

லிஃப்ட்காரர் நாற்காலியைப் பின்னால் கொண்டுபோய்ப் போட்டு நாள் முழுக்கக் காவல் இருந்தார். மைனா வந்தது, மதிலில் உட்கார்ந்தது, பழத்தைப் பார்த்தது, போய்விட்டது. அது பழத்துக்குப் பயந்து போனதா, நாற்காலியில் இருந்த இவருக்குப் பயந்து போனதா? தெரியவில்லை. ஒருநாள் நாக்கு நுனியால் தொட்டுப் பார்க்கலாம் என்று ஒன்றைப் பறித்து வாயருகே கொண்டுபோனார். "அதை மட்டும் வாயில வச்சிராதீங்க" என்று டீச்சர் குரல் கேட்டது. பழத்தை மதில் மேல் வைத்துவிட்டுக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினார். மறுநாள் காலையில் மதில் மேல் பழம் இல்லை.

அதற்குப் பிறகுதான் கவனித்தார். மரத்திலும் பழம் குறைந்தது. கீழ்க் கிளையில் நேற்று இருந்த இரட்டைப் பழம் இன்று இல்லை. எலியா? எலி தின்றால் சக்கை கிடக்கும். பக்கத்து வீட்டுப் பூனையா? பூனை பழம் தின்னுமா? மனைவியிடம் சொன்னார். அவள் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே, "காத்துல விழுந்திருக்கும்," என்றாள்.

"விழுந்தது எங்க போச்சு?"

"எனக்கெப்படித் தெரியும்?"

நியாயமான பதில்தான். அவர் மறுபடி நாற்காலிக்குப் போனார்.

ஒருநாள் மத்தியானம் மனைவி யார் வீட்டிலோ அளவெடுத்துவிட்டு வந்தவள், டேப்பைக் கழுத்திலிருந்து எடுக்காமலே கட்டிலில் சாய்ந்தாள். முகம் வெளுத்திருந்தது. சற்று நேரத்தில் எழுந்து ஓடி வாந்தி எடுத்தாள். தண்ணீர் ஊற்றப் போன லிஃப்ட்காரர், தொட்டியில் சிவப்பைப் பார்த்தார். ரத்தம் இல்லை. சிவப்புச் சாறு, அதில் தட்டையான சின்ன விதைகள்.



"நீ... அதைத் தின்னியா?"

அவள் தலையை ஆட்டினாள். ஆமாம் என்பதா, பேச வைக்காதே என்பதா, தெரியவில்லை.

மச்சான் வண்டியோடு வந்தான். ஆஸ்பத்திரியில் கூட்டம். வெளுத்த முகங்களோடு பெஞ்சு நிறைய ஆட்கள். டாக்டரம்மா மனைவியின் கையைப் பிடித்துப் பார்த்துக்கொண்டே, "என்ன சாப்பிட்டாங்க?" என்று கேட்டார்.

"பழம்ங்க," என்றார் லிஃப்ட்காரர்.

"என்ன பழம்?"

"மரத்தக்காளி... இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம்."

"யாரு குடுத்தா?"

"எங்க மரம்தாங்க."

"உங்க மரம், என்ன மரம்னு உங்களுக்குத் தெரியாதா?"

"ஊமத்தை வகையறா டாக்டர்," என்று நடுவில் விழுந்தான் மச்சான். டாக்டரம்மா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "ரெண்டு பேரும் வெளியில இருங்க. யாராவது ஒருத்தர் ஒழுங்கா விசாரிச்சுட்டு வாங்க."

லிஃப்ட்காரர் ஆஸ்பத்திரிப் படியில் நின்றார். விசாரிக்க உலகத்தில் ஒரே ஆள்தான். அந்த ஆள் எங்கே போனாரோ. போன இடமாவது கட்டடத்துக் காவலாளிக்குத் தெரிந்திருக்கும். இத்தனை நாள் திரும்பாத பக்கம் திரும்பி, நொண்டிக்கொண்டே அந்தக் கட்டடத்துக்கு ஓடினார்.

"பாட்டு டீச்சர் காலி பண்ணிட்டுப் போனாங்களே, எங்க போனாங்க தெரியுமா?" மூச்சு வாங்கியது.

காவலாளிக்கு அவரை அடையாளம் தெரிந்தது. "அட, லிஃப்டு அண்ணே! காலி பண்ணாங்களா? யாரு சொன்னா? மேலதான் இருக்காங்க."

"அன்னைக்குப் பெட்டி எல்லாம்..."

"பால்கனிக்குப் பெயின்ட் அடிச்சாங்க. செடியை எல்லாம் கீழ இறக்கி வச்சுட்டுத் திரும்ப ஏத்துனாங்க."

லிஃப்ட்காரர் லிஃப்டுக்குள் போய் நின்றார். பட்டனை அழுத்தினார். ஒரு பயணியாக அந்தப் பெட்டிக்குள் அவர் நின்றதே இல்லை. அது ஒரு முனகலும் இல்லாமல் வழுக்கிக்கொண்டு ஏறியது. தன் காலத்தில் ஐந்தாம் மாடியில் ஒரு சின்ன உதறல் இருக்கும், எவ்வளவு பார்த்தும் போகாது. இப்போது அது இல்லை. அதற்குச் சந்தோஷப்படுவதா என்று யோசிக்கக்கூட நேரமில்லாமல் கதவு திறந்துவிட்டது.

டீச்சர் கதவைத் திறந்தார். உள்ளே யாரோ ஒரு பெண் ஸ்வரம் பாடிக்கொண்டிருந்தாள்.

"டீச்சர், எதை வாயில வைக்கக் கூடாதுன்னு சொன்னீங்க?"

டீச்சர் ஒரு நிமிஷம் பேந்தப் பேந்த விழித்தார். "நீங்க... லிஃப்டுல..."

"மூணு செடி குடுத்தீங்க. ஒண்ணு செத்துப்போச்சு. ஒண்ணு காய்ச்சிருக்கு. என் வீட்டுக்காரி அதைத் தின்னுட்டு ஆஸ்பத்திரியில கிடக்கா. எதை வைக்கக் கூடாதுன்னு சொன்னீங்க?"

"தோலை!" என்றார் டீச்சர். "தோலை வாயில வச்சிராதீங்க, கசக்கும்னு சொன்னேன். ரெண்டா வெட்டி உள்ள இருக்கிறதை ஸ்பூன்ல எடுத்துச் சாப்பிடணும். நல்லாப் பழுத்ததுதானே? சிவப்பா? அப்ப ஒண்ணும் ஆகாது. நான் தினம் ரெண்டு சாப்பிடறேன்."

"மூணும் அதேதானா?"

"மூணும் மரத்தக்காளிதான். வேற என்ன?"

"ஒண்ணுல முள்ளு இருக்கே?"

"முள்ளா?" டீச்சர் முகம் மாறியது. "முள்ளுச்செடி எதுவும் நான் குடுக்கலையே!"

அதைத் தீர்க்க அப்போது நேரமில்லை. பெயரை மட்டும் வாய்க்குள் சொல்லிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குத் திரும்பினார். அங்கே மனைவி கட்டிலில் உட்கார்ந்து பிஸ்கட்டை டீயில் நனைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்துக் கட்டிலில் அளவெடுக்கப் போன வீட்டு அம்மாளே படுத்திருந்தார். அந்தத் தெருவில் பாதிப் பேருக்கு வயிற்றுக் கோளாறாம். குடிதண்ணீரில் ஏதோ கலந்துவிட்டதாம். இவள் அவர்கள் வீட்டில் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்திருக்கிறாள்.

"அப்ப பழம் இல்லையா?" என்றார் லிஃப்ட்காரர்.

"பழம் எப்படி? அது நான் எத்தனை நாளா திங்கிறேன்."

மச்சான் திடீரென்று ஏதோ வேலை ஞாபகம் வந்தவன் போல வெளியே போய்விட்டான்.

"எத்தனை நாளா?"

"சிவந்ததுல இருந்து. மதில் மேல நீங்க ஒண்ணு வச்சுட்டுப் போனீங்களே, அதுதான் முதல்ல. நாக்குல வச்சுப் பாத்தேன், ஒண்ணும் ஆகல. அப்புறம் ஒரு துண்டு. அப்புறம் முழுசா."

"செத்துப் போயிருந்தா?"

"சாகலையே."

"என்கிட்ட சொல்லலையே! காத்துல விழுந்திருக்கும்னியே! நான் எலியா பூனையான்னு..."

அவள் பிஸ்கட் துண்டை டீக்குள் விட்டுவிட்டு, அதை எடுக்கப் பார்த்தாள். எடுக்க வரவில்லை. "சொல்லியிருந்தா நீங்க நாற்காலியைத் தூக்கிக்கிட்டு மறுபடி முன்னறைக்கு வந்திருப்பீங்க," என்றாள். "பின்னாடி இருந்தப்பதான் உங்க முகம் நல்லா இருந்துச்சு. குழம்பிப் போய், நெத்தியைச் சுருக்கிக்கிட்டு... வேலைக்குப் போற காலத்துல இருந்த மாதிரி. எனக்கு அதைக் கெடுக்க மனசு வரல."

லிஃப்ட்காரருக்குக் கோபம் வர வேண்டும் என்று தெரிந்தது. வரவும் செய்தது. ஆனால் அதோடு வேறென்னவோவும் சேர்ந்து வந்து பாதியில் மாட்டிக்கொண்டது. மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. "டீ ஆறிப்போகுது, குடி," என்று மட்டும் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் அவள் ஒரு பழத்தை இரண்டாக வெட்டி, ஸ்பூனோடு அவர் கையில் கொடுத்தாள். அவர் ஒரு வாய் எடுத்தார். புளிப்பா? ஆமாம். இனிப்பா? அதுவும் இருக்கிறது. தக்காளி மாதிரி ஆரம்பித்து, வேறெங்கோ போய், சொல்லத் தெரியாத ஓர் இடத்தில் முடிந்தது.

"எப்படி இருக்கு?"

"தெரியலையே," என்று இன்னொரு வாய் எடுத்தார்.

அடுத்த வாரமே டீச்சர் முள்செடியைப் பார்க்க வந்தார். சுற்றிச் சுற்றி வந்தார். "இது யாரு?" என்று செடியையே கேட்டார். தனக்கு விதை அனுப்பியிருந்த தன் அண்ணனுக்குப் போன் போட்டார். அண்ணன், ஒரே மேஜையில் பல விதைகளைக் காயப்போட்டதாகவும், எது எதற்குள் விழுந்தது என்று தனக்குத் தெரியாதென்றும் சொன்னார். பிறகு அது காய்த்து, பழுத்து, மேலே ரோமம் போர்த்திய ஆரஞ்சு நிறப் பந்துகளானது. ரோமத்தைத் துணியால் தேய்த்துத் துடைத்து வெட்டினால் உள்ளே பச்சைக் கூழ். மகள் செயலியில் போட்டுப் பார்த்து, நரஞ்சில்லா என்ற தென் அமெரிக்கப் பழம், தாராளமாகச் சாப்பிடலாம் என்றாள். அதே செயலிதான் தேக்கு என்றும் சொன்னது என்பதால், லிஃப்ட்காரர் பழத்தை மேஜையில் வைத்து அதன் எதிரில் உட்கார்ந்திருந்தார். டீச்சர்தான் பொறுமை இழந்து முதல் வாய் எடுத்தவர். அவருக்கு ஒன்றும் ஆகாததைச் சற்று நேரம் பார்த்திருந்துவிட்டு, மனைவி ஜூஸ் போட்டாள். மச்சான் மட்டும் கடைசிவரை வேண்டாம் என்றான்.

மரத்தக்காளி இப்போது கம்பிவடத்தில் நிற்கவில்லை. மனைவி வெட்டிப்போட்ட திரைத்துணி மிச்சங்களை லிஃப்ட்காரர் அகல அகலமாகக் கிழித்து, செடி கொஞ்சம் ஆடுகிற மாதிரி தொளதொளவென்று கட்டியிருக்கிறார். இறுக்கினால் முறிந்தது, தளர்த்தினால் நிற்கிறது. இது எந்தக் கணக்கு என்று அவருக்கு இன்னும் பிடிபடவில்லை.

மனைவிக்கு உடம்பு முழுசாகத் தேறும்வரை அளவெடுக்கப் போகும்போது துணைக்குப் போனார். சுவரில் துளை போட அவள் திணறுவதைப் பார்த்து டிரில்லைக் கையில் வாங்கினார். அப்படியே அது வழக்கமாகிவிட்டது. அவள் அளப்பாள், தைப்பாள். இவர் கம்பி மாட்டுவார். முழங்கால் வலிக்கும்; முக்காலிக்கு மேல் ஏறுவதில்லை. சிலர் அவரைக் கர்ட்டன் அண்ணன் என்கிறார்கள். கூப்பிடுவது தன்னைத்தான் என்று புரிய அவருக்குக் கொஞ்ச நேரம் பிடிக்கிறது.

போன வாரம் ஒரு வீட்டில் வேலையாக இருந்தபோது மகளிடமிருந்து போன் வந்தது. மனைவி அதை அவர் காதில் வைத்துப் பிடித்தாள். இரண்டு கையிலும் கம்பி. வாயில் இரண்டு திருகாணி.

"அப்பா, என்ன பண்றீங்க?"

அவர் திருகாணிகளை மனைவி நீட்டிய உள்ளங்கையில் துப்பிவிட்டு யோசித்தார். எதிரே ஜன்னலுக்கு வெளியே முன்பின் தெரியாத ஒரு தெரு. கீழே மனைவி, கழுத்தில் டேப்போடு அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சரியா சொல்லத் தெரியலம்மா," என்றார். "யாரோ வீட்டு ஜன்னல்ல நின்னுக்கிட்டு இருக்கேன். உங்க அம்மா இடது பக்கம் இன்னும் கொஞ்சம் ஏத்தணும்கிறா. எனக்கு நேராத்தான் தெரியுது."

"நேரா இல்லங்க," என்றாள் மனைவி.

அவர் ஏற்றினார்.